ஏழு பேராக இருந்த ஒருவர்

காலை ஒன்பதரைக்கு அந்த மின்னஞ்சல் போயிருந்தது. பலூன் படம், கேக் படம், நடுவில் கொட்டை எழுத்தில் ஒரு பெயர், கீழே பிறந்தநாள் நல்வாழ்த்து. கோவையில் நான் அப்போது வேலை பார்த்த தொழிற்சாலையில் தினமும் எல்லோருக்கும் போகிற மின்னஞ்சல்தான் அது. அன்றைக்கு அதில் இருந்த பெயருக்கு உரியவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

பத்து மணி வாக்கில், அச்சும் கருவியும் செய்யும் டூல் ரூமிலிருந்து ஒரு பெரியவர் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தார். இறந்தவரோடு இருபத்தாறு வருடம் பக்கத்து மெஷினில் நின்றவர். கையெல்லாம் எண்ணெய். போனில் படக் கூடாது என்று அதைக் கர்ச்சீப்பில் சுற்றிப் பிடித்திருந்தார். திரையை என் பக்கம் திருப்பி, “ஏனுங்க தம்பி, இதை யாருங்க அனுப்புனது?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலாம் போலிருந்தது.

“யாரும் அனுப்பலைங்க ஐயா, சிஸ்டம் தானா அனுப்பிருச்சுங்க.”

“அவன் போனது சிஸ்டத்துக்குத் தெரியாதுங்களா?”

நான் பதில் சொல்லவில்லை. எனக்கே தெரியாது. அதைக் கண்டுபிடித்துச் சரி செய்ய ஒன்றரை வருடம் பிடித்தது.

முதலில், சர்வர் தான் செய்ததைக் குறித்து வைக்கும் லாக் ஃபைலைத் திறந்தேன். தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு புரோகிராம் ஓடும். ஹெச்ஆர் மென்பொருளில் யார் யார் வேலையிலிருந்து போனார்கள் என்று பார்த்து, மற்ற மென்பொருள்களுக்குப் போய்ச் சொல்வது அதன் வேலை. அவர் இறந்த வாரமே ஹெச்ஆரில் பதிந்துவிட்டார்கள். புரோகிராமும் அன்றிரவே வாழ்த்து மென்பொருளிடம் போயிருக்கிறது. பெயரைச் சொல்லித் தேடியிருக்கிறது. அங்கே அந்தப் பெயரில் ஆள் இல்லை. ‘கிடைக்கவில்லை, தவிர்க்கப்பட்டது’ என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது. மறுநாளும் அதே வரி. அதற்கு மறுநாளும். கிட்டத்தட்ட நூற்றிருபது ராத்திரி அது ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த சர்வர் என் பொறுப்பில் இருந்தது. நான் ஒரு நாள்கூட அந்த லாகைப் படிக்கவில்லை.

சரி, ஏன் கிடைக்கவில்லை? அவருடைய உண்மையான பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதே மாதிரி அமைந்த வேறொரு பெயரை வைத்துக்கொள்வோம்: ரா. முத்துக்குமாரசாமி. அப்பா பெயர் ராமலிங்கம். ஹெச்ஆர் மென்பொருளில் அவர் ‘முத்துக்குமாரஸ்வாமி ஆர்’. சம்பள மென்பொருளில், வங்கிப் புத்தகத்தில் இருந்தபடி, ‘முத்துக்குமாரசாமி ராமலிங்கம்’. வாசலில் விரல் வைக்கும் வருகைப்பதிவுக் கருவியில் புள்ளியும் இல்லாமல் இடைவெளியும் இல்லாமல் ‘ஆர்முத்துக்குமாரசாமி’. கேன்டீன் கார்டில் ‘முத்துசாமி’. அச்சடித்தவருக்கு இடம் போதவில்லை. பழைய லினக்ஸ் சர்வரில் லாகின் பெயர் எட்டு ஆங்கில எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்ற அந்தக் காலத்து வழக்கப்படி ‘முத்துகும்’. விண்டோஸ் லாகின்களை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியில் லாகின் பெயருக்கு 20 எழுத்துதான் இடம். ஆங்கிலத்தில் 16 எழுத்துப் பெயர், ஒரு புள்ளி, மிச்சம் மூன்று எழுத்து. ராமலிங்கம் அங்கே ‘ராம்’ ஆகியிருந்தார். கடைசியாக வாழ்த்து மென்பொருளில் ‘ஆர். முத்துக்குமாரசாமி’. எத்தனையோ வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு எக்செல் ஷீட்டிலிருந்து ஏற்றிவிட்டது.

ஆக ஏழு இடத்தில் ஏழு பேர். ஹெச்ஆரில் இருந்தவர் இறந்துவிட்டார். மற்ற ஆறு பேரில் நான்கு பேர் உயிரோடு இருந்தார்கள். ஒருவருக்கு அன்று பிறந்தநாள்.

இதை யாருடைய கவனக்குறைவு என்றும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பியவர் அவருக்குச் சரியென்று பட்டதைத்தான் நிரப்பினார். தமிழ்ப் பெயரை இந்தக் கட்டங்களுக்குள் போடுவது சாதாரண வேலை இல்லை. நிறுவனங்களில் லாகின் விவரம் வைத்திருக்கும் டைரக்டரிகள் பெரும்பாலும் எல்டாப் என்ற நெறிமுறையைப் பேசும். 1993இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பெரும்பங்கு எடுத்து உருவாக்கியது. அதற்கும் முந்தியது 1988இன் எக்ஸ்.500 என்ற டைரக்டரித் தரம். அந்த வம்சத்தில் ‘நபர்’ என்ற வகையில் ஒரு பதிவை உண்டாக்க இரண்டு கட்டங்களைக் கட்டாயம் நிரப்ப வேண்டும். ஒன்று முழுப்பெயர், இன்னொன்று குடும்பப்பெயர். முழுப்பெயர் இருந்தும் குடும்பப்பெயர் இல்லையென்றால் டைரக்டரி பதிவை ஏற்காது. தரப்படுத்தியவர்களின் ஊரில் குடும்பப்பெயர் இல்லாத மனிதர் அபூர்வம். நம் ஊரில் அது இருப்பவர்தான் அபூர்வம். அதனால் எங்கள் ஆட்கள் அந்தக் கட்டத்தில் சிலருக்கு அப்பா பெயரைப் போட்டார்கள், சிலருக்கு இனிஷியலை, சிலருக்கு வெறும் புள்ளியை. ஒருவருக்கு அவர் பெயரையே இரண்டு தடவை போட்டிருந்தது.

உங்கள் பான் அட்டையை எடுத்துப் பாருங்கள். பத்து இடத்தில் நான்காவது, தனிநபர் என்பதைக் காட்டும் ‘பி’. ஐந்தாவது, குடும்பப்பெயரின் முதல் எழுத்து. விண்ணப்பத்தில் இனிஷியல் கூடாது, விரித்துத்தான் எழுத வேண்டும். என் அட்டையில் அந்த ஐந்தாவது எழுத்து அப்பாவுடையது. என் தங்கையின் அட்டையில் அவளுடைய பெயரின் முதல் எழுத்தே இருக்கிறது, ஏனென்றால் அவளுக்கு நிரப்பிக் கொடுத்தவர் கட்டங்களை வேறு விதமாகப் புரிந்துகொண்டார். ஒரே வீடு, ஒரே அப்பா. இந்த விஷயத்தில் ஆதார் செய்தது எனக்குப் பிடிக்கும். பெயருக்கு அங்கே ஒரே ஒரு கட்டம்தான். உங்கள் பெயர் எதுவோ அதை எழுதுங்கள் என்று விட்டுவிட்டார்கள்.

ஆங்கில எழுத்துதான் வில்லன் என்றும் நினைக்க வேண்டாம். பின்னால் அடையாள அட்டையில் தமிழிலும் பெயர் வேண்டும் என்று முடிவானபோது நான் ரொம்பச் சந்தோஷப்பட்டேன். முதல் வாரத்திலேயே ‘பொன்னுசாமி’யைத் தேடினால் கிடைக்கவில்லை. திரையில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறார். தேடினால் இல்லை. எழுத்துகளுக்கு எண் கொடுத்துச் சேமிக்கும் யூனிகோடில் ‘பொ’ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். பகரத்தோடு ஒகரக் குறி ஒன்றே ஒன்று. அல்லது பகரத்தோடு கொம்பும் காலும் தனித்தனியாக. நமக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு முதலாவது இரண்டு குறியீடு, மற்றது மூன்று. இதையாவது நார்மலைசேஷன் என்ற வழியில் ஒன்றாக்கிவிடலாம். ‘கௌரி’க்குக் கொம்பு, ககரம், ளகரம் என்று அடித்திருந்தால் அதற்கு அந்த மருந்தும் வேலை செய்யாது. பார்வைக்குத்தான் அது ஔகாரம். உள்ளே உண்மையாகவே ‘கெளரி’ என்று இருக்கும். யாராவது கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

அப்போதெல்லாம் ஒருவர் ஏழு பேராவதுதான் பெரிய சிக்கல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதம் அதைவிட மோசமானது வந்தது.

டிசைன் பிரிவில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருந்தார். இரண்டாம் நாள் போன் செய்தார். “சார், என் பேர்ல ஏற்கெனவே நிறைய ஃபைல் இருக்கு. நான் இதெல்லாம் போடவே இல்லை” என்றார். போய்ப் பார்த்தேன். ஃபைல் சர்வரில் ஒரு பழைய ஃபோல்டர், எட்டு மாதத்துக்கு முன்னால் கடைசியாகத் தொட்டது. உரிமையாளர் என்ற இடத்தில் இந்தப் பெண்ணின் பெயர். உள்ளே வேறொருவருடைய வரைபடங்கள், ஒரு வாடிக்கையாளரின் விலைப்பட்டியல், அதோடு ஒரு வீட்டுக்கடன் விண்ணப்பத்தின் ஸ்கேன். அந்த விண்ணப்பத்தைப் பார்த்ததும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவ்வளவு நேரமும் அந்தப் பெண் அதை மூடி வைத்துவிட்டுத் திரையைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். லினக்ஸ் ஒரு ஃபைலோடு உரிமையாளரின் பெயரை எழுதி வைப்பதில்லை, ஒரு எண்ணைத்தான் எழுதி வைக்கும். பட்டியல் கேட்கும்போது அந்த எண்ணுக்கு இப்போது யார் என்று பார்த்துப் பெயரைக் காட்டும். கட்டளையில் பெயர் வேண்டாம், எண்ணையே காட்டு என்று கேட்டேன். 1047 என்று வந்தது. அந்த எண் முன்னால் வேலையை விட்டுப் போன ஒருவருடையது. அவர் போனதும் அக்கவுண்டை அழித்துவிட்டோம், ஃபைல்களை அழிக்கவில்லை. புதுப் பயனரைச் சேர்க்கும் கட்டளை, இருக்கிற எண்களிலேயே பெரியது எதுவோ அதற்கு அடுத்ததை எடுக்கும். 1047தான் கடைசி எண்ணாக இருந்தது. அதை அழித்ததும் 1046 கடைசி. அடுத்து வந்தவருக்கு மறுபடி 1047. போனவரின் வீட்டுச் சாவியை வந்தவர் கையில் நாங்களே கொடுத்திருக்கிறோம்.

நெட்வொர்க்கில் ஃபைல் பகிர்ந்தால் இது இன்னும் மோசமாகும். 1980களில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த என்எஃப்எஸ் என்ற ஃபைல் பகிர்வு முறை இன்றும் பல இடங்களில் பழைய முறையிலேயே ஓடுகிறது. அந்த முறையில் ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றிடம் ‘நான் 1047’ என்று எண்ணை மட்டும் சொல்லும். எதிர்முனையும் நம்பிவிடும். இந்தக் கம்ப்யூட்டரில் 1047 ஒருவர், அந்தக் கம்ப்யூட்டரில் வேறொருவர் என்றால் இரண்டு பேரும் ஒரே ஆள். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே பட்டியல் வேண்டும் என்பதற்காகவே சன் அந்தக் காலத்தில் எல்லோ பேஜஸ் என்று ஒன்றைச் செய்தது. அந்தப் பெயர் பிரிட்டிஷ் டெலிகாமின் வணிகக்குறி என்பதால் என்ஐஎஸ் என்று மாற்ற வேண்டியதாயிற்று. கட்டளைகளின் முன்னால் மட்டும் ‘ஒய்பி’ என்று பழைய பெயரின் முதலெழுத்துகள் இன்னும் இருக்கின்றன. ஆக்டிவ் டைரக்டரி இந்த விஷயத்தில் புத்திசாலி. ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் எஸ்ஐடி என்று ஒரு எண் கொடுக்கும். அழித்த எண்ணை அந்த டொமைனில் இன்னொருவருக்குத் தராது. அதே பெயரில் மறுபடி உருவாக்கினாலும் அது புது ஆள்தான், பழைய அனுமதி எதுவும் ஒட்டாது. ‘தெரியாமல் அழிச்சுட்டோம், திரும்பப் போட்டும் எதுவும் திறக்க மாட்டேங்குது’ என்று அட்மின்கள் புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் அந்தப் புலம்பலே மேல்.

ஒருவர் ஏழாகிவிட்டால் வேலை தடைபடும், மனம் நோகும். தேடிச் சேர்த்துவிடலாம். இருவர் ஒன்றாகிவிட்டால் ஒருவரின் வாழ்க்கை இன்னொருவர் கையில் போய்விடுகிறது. எந்த ஃபைல் யாருடையது, எந்த விடுப்பு யார் எடுத்தது என்று பிறகு பிரித்தெடுக்கவே முடியாமல் போகலாம்.

இது மனதில் இருந்ததால்தான், பதிவுகளைச் சேர்க்கும் வேலை தொடங்கியபோது ‘பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று வைத்துக்கொள்வோம்’ என்று சொன்ன ஆலோசகரோடு சண்டை போட்டேன். அவர் ஊரில் அது சரியாக இருக்கலாம். எங்கள் மூத்த தொழிலாளிகளில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதி என்பது பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் போட்டது. மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் பிறந்தவர்கள் குவிந்து கிடந்தார்கள். ஒரே ஊரிலிருந்து வந்த இரண்டு பழனிசாமிகள், ஒரே இனிஷியல், ஒரே தேதி, ஒருவர் ஃபவுண்டரியில், ஒருவர் பெயின்ட் ஷாப்பில். கம்ப்யூட்டர் விட்டிருந்தால் அன்றே அவர்களை ஒருவராக்கியிருக்கும்.

அவர்களைப் பிரித்துக் கொடுத்தவர் ஹெச்ஆரில் இருந்த ஒரு அக்கா. பத்தொன்பது வருடமாக அந்த நாற்காலியில் இருப்பவர். நான் பட்டியலைப் படிப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, “இவரு அன்னூர்க்காரரு, மக கல்யாணத்துக்கு லோன் போட்டாரு. அவரு வேற” என்பார். மூன்று வாரம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் ஒரு மணி நேரம். ஆயிரத்துச் சொச்சம் வரிகளை அப்படித்தான் சேர்த்தோம். சந்தேகம் வந்தால் இருவராகவே விடு என்பதுதான் நாங்கள் வைத்துக்கொண்ட விதி.

அப்புறம் எண். ஏற்கெனவே பணியாளர் எண் ஒன்று இருந்தது, ஆனால் அதற்குள் பிரிவின் பெயர் இருந்தது. டூல் ரூம் ஆளை அசெம்பிளிக்கு மாற்றினால் எண்ணும் மாறும். மாறினால் பழைய பதிவு ஒரு ஆள், புதுப் பதிவு இன்னொரு ஆள். அர்த்தம் உள்ள எண், அந்த அர்த்தம் மாறும் நாளில் உடைந்துவிடும். ஆதார் எண்ணில் ஊரும் இல்லை, வயதும் இல்லை, எதுவும் இல்லை. 12 இலக்கமும் வெறும் எண்கள், கடைசி இலக்கம் தட்டச்சுப் பிழையைப் பிடிப்பதற்காகக் கணக்கிட்டுச் சேர்ப்பது. எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றதும், ‘அப்போ ஆதாரையே போட்டுக்கலாமே’ என்று கூட்டத்தில் எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள். கூடாது என்று நின்றேன். தனியார் நிறுவனங்கள் ஆதாரை இஷ்டம்போலக் கேட்க வழிவிட்ட பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்தது என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஏழு மென்பொருளிலும் கேன்டீன் கார்டிலும் போகப்போகிற எண் அது. ஒருவரின் வங்கிக்கும் ரேஷனுக்கும் போகிற எண்ணை சாப்பாட்டு டோக்கனில் அச்சடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஏழு இலக்கத்தில், வரிசை இல்லாமல், எங்களுக்கென்று ஒன்று உண்டாக்கினோம். ஒரு முறை கொடுத்தது கொடுத்ததுதான். விட்டுப் போனவர் திரும்பி வந்தால் அவருக்கு அதேதான். வேறு யாருக்கும் எப்போதும் கிடையாது.

மின்னஞ்சல் முகவரியையே அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்பது இன்றைக்கும் நிறைய மென்பொருள் செய்கிற தப்பு. பயிற்சிகளுக்கான ஒரு வலைத்தளம் எங்களிடம் அப்படித்தான் இருந்தது. ஒரு பெண் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றிக்கொண்டார், முகவரியும் மாறியது. மறுநாள் அந்தத் தளம் அவரைப் புதிதாகச் சேர்ந்தவர் என்று வரவேற்றது. ஒன்பது வருடப் பயிற்சிச் சான்றிதழ்கள் பழைய முகவரியோடு போய்விட்டன. ஒரே லாகினில் பல தளங்களுக்குள் போக உதவும், 2014இல் வந்த ஓப்பன் ஐடி கனெக்ட் தரத்தில் இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்: அடையாளம் தரும் சர்வரின் பெயர், அது கொடுத்த மாறாத எண், இந்த இரண்டும் சேர்ந்ததைத்தான் ஒருவரின் அடையாளமாக நம்பலாம், மின்னஞ்சலை நம்பக் கூடாது. படித்துவிட்டுச் செய்கிறவர்கள் குறைவு.

எண் வந்த பிறகும் பாதி வேலைதான் முடிந்தது. எந்த விவரத்துக்கு யார் சொந்தக்காரர் என்ற கேள்வி மிச்சம் இருந்தது. போன் நம்பர் நான்கு இடத்தில் இருக்கிறது, நான்கும் வேறு. எது சரி? ஒரு ஏ4 தாளில் கோடு போட்டு ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரே ஒரு இடத்தை எழுதினேன். வேலையில் இருக்கிறாரா இல்லையா என்பது ஹெச்ஆர் சொல்வது. வங்கிக்கணக்கு சம்பளப் பிரிவு. லாகின் பெயரும் மின்னஞ்சலும் நாங்கள். மற்ற இடங்களில் இருப்பது எல்லாம் நகல், அங்கே போய்த் திருத்தக் கூடாது. இதைச் சொல்ல ஒரு நிமிடம். எல்லோரையும் ஒத்துக்கொள்ள வைக்க ஐந்து மாதம். அத்தனை நாளும் சண்டை போன் நம்பருக்காகத்தான். வாசல் செக்யூரிட்டிக்கு அவசரத்துக்கு வேண்டும், அவர்களிடம்தான் புதிய நம்பர் இருந்தது. கடைசியில் அதை அவரவரிடமே விட்டோம். ஆளே தன் நம்பரை மாற்றிக்கொள்ளலாம், அது எல்லா இடத்துக்கும் போகும்.

அதே தாளில் கடைசி வரியாக ஒன்று சேர்த்தேன்: ‘அழைக்கும் பெயர்’. உங்கள் பெயரை எப்படி எழுத வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா, தமிழிலா ஆங்கிலத்திலா, சாமியா ஸ்வாமியா. கம்ப்யூட்டர் ஆளைத் தேடுவதற்குத்தான் எண் வந்துவிட்டதே, இனிப் பெயரை அதன் சொந்தக்காரரிடமே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. இந்த ஒன்றரை வருட வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒரு வரிதான்.

அக்கவுண்டை அழிப்பதை நிறுத்திவிட்டு முடக்கி மட்டும் வைக்கிறோம். ராத்திரி புரோகிராம் இன்னும் ஓடுகிறது, ஆனால் ஆள் கிடைக்கவில்லை என்றால் லாகில் எழுதிவிட்டுப் போவதில்லை. காலையில் ஒரு பட்டியல் என் மேஜைக்கும் அக்காவின் மேஜைக்கும் வரும். முதல் நாள் அதில் 412 வரி இருந்தது. இரண்டு மூன்று வரிக்குக் கீழே போக ஏழு மாதம் ஆயிற்று. வரியே இல்லாத நாள் இதுவரை வந்ததில்லை.

இந்த வேலைக்கு நடுவில் ஒரு நாள் இறந்தவருடைய மனைவி வந்திருந்தார். சேர வேண்டிய பணத்துக்கான காகிதங்கள். எங்கள் பதிவில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர், இறப்புச் சான்றிதழில் இன்னொன்று. இந்த மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அது அவருக்கு நான்காவது நடை. பிளாஸ்டிக் பையிலிருந்து ஒவ்வொரு காகிதமாக எடுத்து அக்காவின் மேஜையில் அடுக்கினார். “முப்பது வருஷம் குடும்பம் நடத்தினேனுங்க, அவரு ஒரே ஆளுதானுங்க” என்றார். அக்கா எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குச் சாயங்காலம் வரை அவர்கள் இருவரும் உட்கார்ந்து எல்லாக் காகிதத்தையும் ஒரே பெயருக்குக் கொண்டுவந்தார்கள்.

அடுத்த வருடம் அதே தேதியில் சீக்கிரம் ஆபீஸ் போனேன். ஒன்பது மணிக்கே வாழ்த்துப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். இரண்டு பெயர்கள் இருந்தன, அவருடையது இல்லை. ஒன்பதரைக்கு மின்னஞ்சல் போனதையும் பார்த்துவிட்டு டூல் ரூம் பக்கம் நடந்தேன். பெரியவர் மெஷினை நிறுத்தாமலேயே தலையை அசைத்தார். பின்னால் சுவரோரம் இருந்த லாக்கர்களில் இறந்தவருடையதை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. கதவில் மஞ்சளாகிப்போன ஒரு ஸ்டிக்கர், பேனாவில் அவரே எழுதி ஒட்டியது. தமிழில், இனிஷியல் முன்னால், புள்ளி வைத்து.